பூத்தையலுக்கு அடியில் இருக்கும் தாள்

பள்ளி முத்திரையோ நிறுவனத்தின் பெயரோ எம்பிராய்டரி செய்த டி-ஷர்ட் ஒன்று வீட்டில் இருந்தால், அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வண்ண நூல்களுக்கு நடுவே வெள்ளை பாபின் நூல் ஓடியிருக்கும். அந்த நூலுக்கும் துணிக்கும் இடையில் மாட்டிக்கொண்டு, ஓரங்களில் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, காகிதம் என்றும் சொல்ல முடியாமல் துணி என்றும் சொல்ல முடியாமல் வெள்ளையாக ஒன்று இருக்கும். உடம்பில் உறுத்துகிறது என்று பலர் அதைப் பிய்த்தெறியப் பார்ப்பார்கள். வராது. பிறகு கத்தரியை எடுத்துத் தையலை ஒட்டி நறுக்கிவிடுவார்கள். தயவுசெய்து நறுக்க வேண்டாம். பத்துத் துவைப்புக்குப் பிறகும் அந்த முத்திரை சுருங்காமல் படிந்து கிடந்தால், அதற்குக் காரணம் அந்த வெள்ளைத் துண்டுதான்.

அதன் பெயர் ஸ்டெபிலைசர். பட்டறைகளில் பேக்கிங் பேப்பர் என்பார்கள். பல இடங்களில் வெறும் ‘பேப்பர்’. எந்திரத்துக்கு லட்சக்கணக்கில் செலவு செய்பவர்களும், நூலின் ஷேடு அரைப் பங்கு மாறினால்கூட மனம் ஒப்பாதவர்களும், பேப்பர் விஷயத்தில் மட்டும் கைக்குக் கிடைத்ததை வைத்துத் தைக்கிறார்கள். செய்தித்தாளை மடித்து வைத்துத் தைப்பவர்களும் உண்டு. ‘எந்திரம் சரியில்லை’, ‘டிசைன் சரியில்லை’ என்று சொல்லப்படும் குறைகளில் பெரும்பங்கு இந்தத் தாளில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று புரிய, ஊசி ஒரு துணிக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி எந்திரம் பொதுவாக நிமிடத்துக்கு 600 முதல் 1,000 தையல் வரை போடும். 5 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தை நூலால் நிரப்பச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வரிசைகளுக்கு இடையே வழக்கமான இடைவெளி 0.4 மி.மீ.; ஆக 125 வரிசைகள். ஒரு தையலின் நீளம் 4 மி.மீ. என்றால் வரிசைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று குத்துகள். மொத்தம் 1,500-க்கு மேல். இத்தனையும் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். குத்துகிற ஊசி எவ்வளவு தடிமன்? சாதாரணமாகப் போடும் 75/11 ஊசியின் தண்டு 0.75 மி.மீ. வரிசை இடைவெளியைவிட ஊசியே பெரிது. இவ்வளவு நெருக்கமான குத்துகளைத் தாங்குவதற்காக எந்தத் துணியும் நெய்யப்படவில்லை.

குத்துவதோடு முடிந்தால் பரவாயில்லை. மேல் நூல் இழுவிசையோடு வந்து, துணிக்குள் இறங்கி, பாபின் நூலைப் பூட்டிக்கொண்டு இறுகுகிறது. இறுகிய நூல் தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஒரு தையலின் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே திசையில் ஓடும் ஆயிரம் தையல்கள் சேர்ந்து இழுக்கும்போது துணி நகர்ந்தே ஆக வேண்டும். கூடவே, நூலுக்கு ஒரு பருமன் உண்டு. 125 வரிசை நூலைப் புதிதாகச் செருகினால் துணியின் இழைகள் விலகி இடம் தர வேண்டியிருக்கிறது. அதனால் தையல் ஓடும் திசையில் உருவம் குறுகும். அதற்குச் செங்குத்தான திசையில் பிதுங்கும். கணினித் திரையில் வட்டமாக வரைந்தது துணியில் முட்டை வடிவமாக வருவது இதனால்தான். டிசைன் பஞ்சிங் செய்பவர்கள் இதை எதிர்பார்த்து, குறுகப்போகும் பக்கத்தில் 0.2 முதல் 0.4 மி.மீ. வரை கூட்டி வைப்பார்கள். அந்தக் கணக்கும் துணி ஓரளவுக்கு மேல் நகராது என்ற நம்பிக்கையில் போடப்படுவதுதான்.

பூ வேலை முடிந்து ஃபிரேமைக் கழற்றியதும், பூவைச் சுற்றி அலை அலையாகத் துணி எழும்பி நிற்கிறதே, அதற்கும் இதுவே வேர். பூ இருக்கும் இடம் சுருங்கிவிட்டது. அதைச் சுற்றியிருக்கும் துணி சுருங்கவில்லை. சிறிதாகிவிட்ட வட்டத்தைச் சுற்றிப் பழைய அளவுத் துணி மிஞ்சி நிற்கிறது. மிஞ்சிய நீளம் தளத்துக்குள் அடங்காமல் மேலும் கீழுமாக வளைகிறது. மெல்லிய பொருள்கள் அழுத்தத்துக்கு உட்படும்போது நசுங்குவதற்கு முன்பே வளைந்துவிடும் என்பதைக் கணித வடிவில் 1744-ல் எழுதிவைத்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர். தூண்களையும் பாலங்களையும் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு அடிப்படையாக இருக்கும் அதே விதிதான், திருப்பூர் பட்டறைகளில் ‘பக்கரிங்’ என்று திட்டப்படும் அந்தச் சுருக்கத்துக்குப் பின்னாலும் இருக்கிறது.

வளைவதைத் தடுக்க என்ன வழி? பொருளை விறைப்பாக்க வேண்டும். ஒரு தகட்டின் வளைவெதிர்ப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். ஒரே மாதிரி இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்காகிறது. அவற்றையே பசை போட்டு ஒட்டிவிட்டால் தடிமன் இரண்டு மடங்கு, விறைப்பு எட்டு மடங்கு. வெறுமனே அடுக்கிய தகடுகள் வளையும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும். ஒட்டியவை வழுக்க முடியாது. துணி திண்மையான தகடு அல்ல. அதன் இழைகளே தமக்குள் வழுக்கும் என்பதால் எட்டு மடங்கு முழுதாகக் கிடைக்காது. ஆனாலும் திசை இதுதான். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் ஃப்யூசிங் ரகமும், பசை தெளித்து ஒட்டுவதும், வெறும் தாளை அடியில் நழுவவிட்டுத் தைப்பதைவிட இவ்வளவு நல்ல பலன் தருவதற்கு இதுவே காரணம். கனமான தாளை வாங்குவதற்கு முன், கையில் இருக்கும் மெல்லிய தாளைத் துணியோடு ஒட்டித் தைத்துப் பார்ப்பது நல்லது.

சரி, எந்தத் துணிக்கு எந்தத் தாள்? துணியின் பெயரை ஒரு பக்கமும் தாளின் பெயரை எதிர்ப்பக்கமும் போட்ட அட்டவணைகள் நிறைய உண்டு. அவற்றை மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது: எந்திரம் நின்ற பிறகு, இந்த நூல்களின் இழுவையை யார் தாங்கப்போகிறார்கள்? துணியே தாங்குமா, தாங்காதா?

வீடு கட்டும் இடத்தில் இரண்டு விதத் தாங்கலைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட் இறுகும்வரை அடியில் நிற்கும் சென்ட்ரிங் பலகையைப் பிறகு பிரித்து எடுத்துவிடுவார்கள். உள்ளே கட்டிய கம்பியை யாரும் எடுப்பதில்லை. கட்டடம் நிற்கும்வரை அதுவும் இருக்கும். கிழித்தெடுக்கும் ரகமான டேர்-அவே ஸ்டெபிலைசர் சென்ட்ரிங் பலகை. வெட்டிவிட்டு மீதியை அப்படியே விட்டுவைக்கும் கட்-அவே, கம்பி. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் முக்கால்வாசித் தேர்வு முடிந்துவிட்டது.

நெசவுத் துணியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நிற்கின்றன. ஜீன்ஸ், கேன்வாஸ், பள்ளிச் சீருடையின் டெரிகாட்டன் ஆகியவற்றைப் பாவின் போக்கில் இழுத்துப் பாருங்கள், அசையாது. ஊடையின் போக்கிலும் பெரிதாக நீளாது. தையலின் இழுவையைத் தைத்து முடித்த பிறகு துணியே ஏற்றுக்கொள்ளும். எந்திரம் ஓடும்போது மட்டும் ஒரு துணை வேண்டும். டேர்-அவே இதற்குப் போதும். ஆனால் அதே துணியைக் கிராஸாக, மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் கதை வேறு. சதுரக் கட்டங்கள் சாய்சதுரமாகச் சரிந்து துணி நீளும். பாவு, ஊடை இரண்டுமே நீளவில்லை. அவற்றுக்கு இடையிலான கோணம்தான் மாறியிருக்கிறது. கிராஸில் வெட்டிய கழுத்துப்பட்டியிலோ பாவாடையின் ஓரத்திலோ பூப்போடும்போது, நெசவுத் துணிதானே என்று டேர்-அவேயை வைத்தால் பூ ஒரு பக்கமாகச் சரியும். அங்கே அந்தத் துணியை நீளும் துணியாகவே நடத்த வேண்டும்.

பின்னல் துணி முழுக்க வளையங்களால் ஆனது. சிங்கிள் ஜெர்சி, பிக்கே, லைக்ரா கலந்தவை எல்லாமே வளையத்துக்குள் வளையம் கோத்தவை. இழுத்தால் நூல் நீள்வதில்லை, வளையத்தின் வடிவம் மாறுகிறது, விட்டால் திரும்புகிறது. அகலவாக்கில் கூடுதலாக நீளும். டி-ஷர்ட் உடம்புக்கு இதமாக இருப்பதே இந்த நெகிழ்வினால்தான். ஆனால் அதன்மேல் போட்ட பூ நெகிழாது. சட்டையைத் தலைவழியே மாட்டும் ஒவ்வொரு முறையும், துவைத்துப் பிழியும் ஒவ்வொரு முறையும், துணி நீள, பூ மறுக்க, எல்லைக்கோட்டில் இழுபறி நடக்கிறது. டேர்-அவே வைத்துத் தைத்தால் எந்திரத்திலிருந்து இறக்கும்போது அழகாகவே இருக்கும். வாடிக்கையாளர் கைக்குப் போய் நாலைந்து துவைப்பு ஆனதும் எழுத்துகள் நெளியத் தொடங்கும். பின்னல் துணிக்குக் கட்-அவே வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஊசியும் முனை மழுங்கிய பால்பாயின்ட்டாக இருக்கட்டும். கூர்முனை வளையத்தின் நூலை அறுத்துவிட்டால் அங்கிருந்து ஓட்டை ஓடும்.

உள்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பின்னல் துணிக்கும் டேர்-அவே கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கவலை நியாயமானதுதான். குழந்தையின் மென்தோலில் கரகரப்பான தாள் உரசக் கூடாது. அதற்கு மாற்று உண்டு. மெஷ் எனப்படும் மெல்லிய வலை போன்ற கட்-அவே சுமார் 50 ஜி.எஸ்.எம். எடையில் கிடைக்கிறது, வழக்கமான கட்-அவே 85 ஜி.எஸ்.எம். அளவில் வரும். மெஷ் மென்மையாக மடங்கும், வெளியே காட்டிக்கொடுக்காது. வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை மெஷ்ஷைவிடத் தோல் நிற மெஷ் வெளியே தெரிவது குறைவு. தைத்து முடித்த பின் மென்மையான பின்னல் ஃப்யூசிங் ஒன்றை உள்பக்கம் இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டால் பாபின் நூலும் உறுத்தாது. கட்-அவேயை நறுக்கும்போது தையலிலிருந்து அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை விட்டு, மூலைகளை வட்டமாக்கி நறுக்க வேண்டும். கூர்மூலைதான் தோலைக் குத்தும், துணிக்கு வெளியே தடமாகவும் தெரியும்.

டேர்-அவே ஏன் கிழிகிறது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. அது குட்டையான இழைகளைப் பலவீனமாகப் பிணைத்துச் செய்யப்படுவது. ஊசி வரிசையாகப் போட்ட துளைகள் வழியே பிளவு ஓடுவதால் கையால் எடுக்க முடிகிறது. ஆனால் ஊசிக்கு நாம் கிழிக்கப்போகும் நேரம் எது என்று தெரியாது. நெருக்கமான டிசைனில், அதிலும் சாட்டின் தையலின் இரு கரைகளிலும், துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பாதித் தையலிலேயே தாள் அறுபட்டுப்போகும். மீதிப் பாதி தாங்கல் எதுவும் இல்லாமல் ஓடும். பூவின் வெளிக்கோடு நிரப்பிய வண்ணத்திலிருந்து விலகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்திரம் கோட்டைச் சரியான இடத்தில்தான் போட்டது; அதற்குள் துணி நகர்ந்துவிட்டது. ஆகவே ஜீன்ஸானாலும், தையல் மிகவும் நெருக்கமாக இருந்தால் கட்-அவே பாதுகாப்பு. கிழிக்கும்போதும் ஒரு முறை இருக்கிறது. இடது கட்டைவிரலால் தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தாளைத் துணியோடு ஒட்டிப் படுக்கைவாக்கில் இழுக்க வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் தாளோடு தையலும் இழுபடும். இரண்டு நிமிடம் எந்திரம் காப்பாற்றிய வடிவத்தைக் கை ஒரு நொடியில் கெடுத்துவிடும்.

இந்தத் தாள்கள் நெய்யப்படாதவை. இழைகளைப் பரப்பி, வெப்பத்தாலோ பசையாலோ பிணைத்துச் செய்யப்படுபவை. தையல் உலகில் இந்த வகை வேரூன்றியதில் ஜெர்மனியின் பிராய்டன்பெர்க் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ‘வ்லீசலைன்’ என்ற பெயரில் அது 1948-ல் உள்துணிகளை விற்கத் தொடங்கியது. பாவு, ஊடை என்ற இரண்டே திசைக்குப் பதிலாக இழைகள் எல்லாத் திசையிலும் கிடப்பதால், எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும் என்பதே இதன் சிறப்பு. எல்லாத் தாளும் அப்படி அமைவதில்லை. மலிவான சில ரகங்களில் இழைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சீவி விடப்பட்டிருக்கும். வாங்கும்முன் ஒரு மூலையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழவென்று கிழிந்து, மறுபக்கம் மல்லுக்கு நின்றால், அது ஒரு திசையில் மட்டும் வலுவான தாள். அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் இரண்டு தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வையுங்கள். இரண்டையும் ஒரே போக்கில் வைத்தால் பலவீனமான திசை பலவீனமாகவே நிற்கும்.

ஃபிரேமில் மாட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டினால் ஓசை வரும் அளவுக்கு இறுக்கமாக மாட்டு என்று சொல்லிக் கொடுப்பார்கள். தாளுக்கு அது சரி. பின்னல் துணிக்கு அது கேடு. இழுத்துப் பிடித்த ஜெர்சியின்மேல் பூவைத் தைத்துவிட்டு ஃபிரேமைக் கழற்றினால், துணி தன் பழைய அளவுக்குத் திரும்பும்; பூவால் திரும்ப முடியாது. அங்கே உண்டாகும் சுருக்கத்தை உலகின் மிகச் சிறந்த ஸ்டெபிலைசராலும் தடுக்க முடியாது. தைக்கும்போதே அது உள்ளே பூட்டப்பட்டுவிட்டது. துணி விறைப்பாகப் படிந்திருக்க வேண்டும், நீட்டப்பட்டிருக்கக் கூடாது. ஃபிரேமை இறுக்கிய பிறகு ஓரங்களைப் பிடித்து இழுத்துச் ‘சரி’ செய்யும் பழக்கத்தைக் கைவிட்டாலே பாதிப் பட்டறைகளின் பிரச்சினை தீரும்.

வெல்வெட்டை ஃபிரேமில் மாட்டவே கூடாது. அதன் மேல்மயிர் நசுங்கி வட்டமாகத் தடம் விழுந்தால் அழியாது. ஒட்டும் பரப்புள்ள ஸ்டெபிலைசரை மட்டும் ஃபிரேமில் மாட்டி, அதன்மேல் வெல்வெட்டைப் படுக்கவைத்து, டிசைனைச் சுற்றித் தளர்வான நூலோட்டம் ஒன்று போட்டுக்கொண்டு தைக்க வேண்டும். பட்டுக்கும் இதே மரியாதை தேவை. பட்டு இழை வழவழப்பானது. ஊசி குத்திய இடத்தில் விலகினால் திரும்பி மூடிக்கொள்ளாது. பிரித்து மறுபடி தைக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. துளை துளையாகத் தெரியும். ரா சில்க், காஞ்சிப் பட்டு பிளவுஸ் துண்டுகளுக்கு மெஷ்ஷை மிதமான சூட்டில் ஒட்டித் தைப்பது நல்லது. துணியில் ஜரிகை இருந்தால் சூட்டில் இன்னும் கவனம் வேண்டும். விலை குறைந்த ஜரிகைகள் பல, உலோகம் பூசிய பாலியெஸ்டர் படலம்தான். சூடு ஏறினால் சுருண்டுவிடும். பிளவுஸை வெட்டிய பிறகு தைப்பதைவிட, துண்டாக இருக்கும்போதே பூவைப் போட்டுவிட்டு அதன்மேல் அளவு வரைந்து வெட்டுவது மேல். சுருங்க வேண்டியது சுருங்கி முடிந்திருக்கும். ஆரி வேலை செய்பவர்களிடம் இந்த வழக்கம் இருக்கிறது. எந்திரத் தையலுக்கும் அது பொருந்தும்.

டர்க்கி டவலில் சிக்கல் மேல்பக்கத்தில் இருக்கிறது. அதன் நூல்வளையங்கள் தையலுக்கு இடையே தலைநீட்டி எழுத்தை விழுங்கிவிடும். இதற்கு மேலே ஒரு மெல்லிய படலம் விரிப்பார்கள்; தண்ணீரில் கரையும் ரகம். தைக்கும்போது வளையங்களை அது அமுக்கிப் பிடிக்கும். முடிந்ததும் கிழித்துவிட்டு, மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றினால் போய்விடும். படலம் கரைந்த பிறகு வளையங்கள் மீண்டும் எழும்பாதா? எழும்பும். அதனால்தான் எழுத்துக்கு அடியில், டவலின் நிறத்திலேயே ஒரு லேசான வலைத் தையலை முதலில் ஓட்டிவிட வேண்டும். படலம் அன்றைய வேலைக்கு, வலைத் தையல் டவலின் ஆயுளுக்கு. பிக்கே டி-ஷர்ட்டில் 5 மி.மீ.க்கும் குறைந்த உயரமுள்ள எழுத்துகளைப் போடும்போதும் இந்தப் படலம் பெரிய உதவி. எழுத்து துணியின் குழிகளுக்குள் இறங்காது.

தண்ணீரில் கரையும் இந்தத் தாளின் பின்கதை இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. அடித்துணியே இல்லாத பூத்தையல் வேண்டும் என்று மனிதர்களுக்கு வெகுகாலமாக ஆசை, அதுதான் லேஸ். கையால் லேஸ் பின்ன மாதக்கணக்கில் ஆகும். எந்திரமோ துணி இல்லாமல் தைக்காது. 1863-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஐசாக் குரோப்லி, படகு வடிவ நாடாவால் பாபின் நூலைக் கொண்டுசெல்லும் ‘ஷிஃப்லி’ எம்பிராய்டரி எந்திரத்தைக் கண்டுபிடித்தார். செயின்ட் காலன் பகுதியும் ஜெர்மனியின் பிளாவன் நகரமும் அதை வைத்து எந்திரப் பூத்தையலின் தலைநகரங்களாயின. 1880-களில் அங்கே ஒரு வேதியியல் தந்திரம் பிறந்தது. பட்டுத் துணியின்மேல் பருத்தி நூலால் நெருக்கமாகத் தைத்தார்கள். பிறகு முழுவதையும் காரக் கரைசலில் போட்டார்கள். பட்டு புரதம், காரத்தில் கரைந்துபோகும். பருத்தி செல்லுலோஸ், காரத்துக்கு அசையாது. துணி மறைந்து பூ மட்டும் நின்றது. ‘கெமிக்கல் லேஸ்’ என்று இன்றும் அதை அழைக்கிறார்கள். பிளாவன் லேஸ் 1900-ம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது.

பட்டைத் தியாகம் செய்யும் முறை பிற்பாடு அசிடேட் துணியை அசிட்டோனில் கரைப்பதாக மாறி, இன்று வெறும் தண்ணீருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதைச் சாத்தியமாக்கிய பொருள் பாலிவினைல் ஆல்கஹால். 1924-ல் ஜெர்மனியில் வில்லி ஹெர்மான், வோல்ஃப்ராம் ஹேனல் இருவரும் இதைக் கண்டறிந்தார்கள். 1939-ல் ஜப்பானின் கியோட்டோவில் இச்சிரோ சகுராடா, ரி சுங்-கி முதலியோர் இதிலிருந்து இழை எடுத்தார்கள். தச்சு வேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையில் இருக்கும் பாலிவினைல் அசிடேட்தான் இதன் தாய்ப்பொருள். அந்த நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் தொங்கும் அசிடேட் கொத்துகளை நீக்கி, அவை இருந்த இடத்தில் தண்ணீரை விரும்பும் ஹைட்ராக்சில் தொகுதிகளை உட்காரவைத்தால் பாலிவினைல் ஆல்கஹால் கிடைக்கிறது.

ஹைட்ராக்சில் கூடக் கூடத் தண்ணீரில் எளிதாகக் கரையும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது வேறு. 98 விழுக்காட்டுக்கு மேல் மாற்றிவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் அது கரையாது. 80, 90 டிகிரி வரை சூடாக்க வேண்டும். 88 விழுக்காட்டில் நிறுத்தினால் குழாய்த் தண்ணீரிலேயே கரைந்துவிடும். காரணம் அழகானது. ஹைட்ராக்சில் தொகுதிகளுக்குத் தண்ணீரின்மேல் எவ்வளவு பிரியமோ அவ்வளவு பிரியம் ஒன்றின்மேல் ஒன்றுக்கும் உண்டு. முழுதும் மாறிய சங்கிலிகள் நெருங்கி நின்று தமக்குள்ளேயே கைகோத்துப் படிகமாக இறுகிவிடுகின்றன. தண்ணீர் நுழைய வழியில்லை. பருமனான அசிடேட் கொத்துகள் கொஞ்சம் மிச்சமிருந்தால் சங்கிலிகள் நெருங்க முடியாது. அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்துவிடும். குளிர்நீரில் கரையும் தாள், வெந்நீர் கேட்கும் தாள் என்று இரு ரகங்கள் உருவாவது இந்த விழுக்காட்டு வேறுபாட்டால்தான்.

நெட், ஆர்கன்சா போன்று மறுபக்கம் தெரியும் துணிகளுக்கு இதைவிட நல்ல தாங்கல் கிடையாது. படலத்தைவிட, பார்க்கத் துணி போலிருக்கும் கரையும் ரகமே இவற்றுக்கு ஏற்றது. படலம் நெருக்கமான தையலில் துளைபட்டுக் கிழியும். கரைந்து போகும் தாங்கல் என்பதால் இதுவும் பிரித்தெடுக்கும் சென்ட்ரிங் வகைதான். ஆகவே டிசைன் தன்னைத் தானே தாங்கும்படி இருக்க வேண்டும்: நூல்கள் ஒன்றையொன்று குறுக்கே பிடித்திருக்க வேண்டும். தனித்தனி இதழ்களாக மிதக்கும் பூவை நெட்டில் போட்டுவிட்டுத் தாளைக் கரைத்தால், நெட் சுருண்டு இதழ் மடங்கும். ஷிஃபான், ஜார்ஜெட் சேலைகளுக்கும் நெருக்கம் குறைந்த, காற்றோட்டமான டிசைன்தான் ஒத்துவரும். கனமான லோகோவைத் தாங்க எந்தக் கரையும் தாளாலும் முடியாது.

அலசலை அரைகுறையாக நிறுத்தினால் உலர்ந்த பிறகு பூ மொடமொடவென்று நிற்கும். அது பாலிவினைல் ஆல்கஹால் விட்டுச்சென்ற விறைப்பு. இதே பொருளைத்தான் ஆலைகளில் பாவு நூல் அறுபடாமல் இருக்கப் பசையாக ஏற்றுகிறார்கள். கைத்தறியில் பாவுக்குக் கஞ்சி போடும் அதே வேலை. இந்தக் குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். வெட்டி மிஞ்சிய கரையும் தாள் துண்டுகளைத் தண்ணீரில் போட்டுக் கரைத்து, வாயில் போன்ற மெல்லிய பருத்தித் துணியில் தடவி உலரவிட்டால், துணி காகிதம்போல் விறைத்து நிற்கும். தைத்த பின் துவைத்தால் பழைய மென்மை வந்துவிடும். காட்டன் சேலைக்குப் போடும் கஞ்சியும் ஓரளவுக்கு இதைச் செய்யும். கரையும் தாளைச் சேமிக்கும் இடமும் முக்கியம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் நெகிழ்ந்து பிசுபிசுக்கும், நாள்பூராவும் ஏ.சி. ஓடும் உலர்ந்த அறையில் நொறுங்கும். காற்றுப் புகாத உறையில்தான் வைக்க வேண்டும்.

துவைக்கவே முடியாத துணிக்கு, இஸ்திரிச் சூட்டில் சுருண்டு உதிரும் படலம் ஒன்றும் இருக்கிறது. வெல்வெட்டின் மேல்பக்கத்துக்கு ஓரளவு உதவும். ஜரிகைப் பட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தொப்பிகளுக்குக் கனமான, விறைப்பான டேர்-அவே போதும். தொப்பியின் வடிவமே பாதித் தாங்கல். தோலில் போட்ட துளை நிரந்தரம் என்பதால் நெருக்கம் குறைந்த டிசைனும் கட்-அவேயும்தான் வழி. அதில் டேர்-அவேயை வைத்துக் கிழித்தால் துளை வரிசையோடு தோலும் சேர்ந்து கிழியும் ஆபத்து உண்டு.

எதைத் தேர்ந்தாலும் ஆர்டர் துணியில் ஊசி இறங்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனை அதே ரகத் துணியில்தான் நடக்க வேண்டும். மூலையில் கிடக்கும் பாப்ளின் துண்டில் அழகாக வந்த பூ, ஜெர்சியைப் பற்றி எதையும் சொல்லாது. 4 செ.மீ. விட்டமுள்ள நிரப்பிய வட்டம் ஒன்றைத் தைத்து, தையல் ஓடும் திசையிலும் அதற்குச் செங்குத்தாகவும் அளவுகோலை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவுக்கும் இடையே 1 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் தாளையோ, தாளை ஒட்டும் முறையையோ மாற்ற வேண்டும். வட்டத்தை இரண்டு துண்டுகளில் தைப்பது நல்லது. ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றதை வாடிக்கையாளர் வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படி மூன்று நான்கு முறை துவைத்து உலர்த்த வேண்டும். புதுப் பருத்தித் துணி துவைக்கும்போது சுருங்கும், பாலியெஸ்டர் நூல் சுருங்காது. முதலில் தெரியாத அலை அப்போது எழும்பும். அப்படி எழும்பினால் தாளைக் குறை சொல்லிப் பயனில்லை. துணியைத் தைப்பதற்கு முன்பே நனைத்து உலர்த்தியிருக்க வேண்டும். துவைத்த துண்டையும் துவைக்காத துண்டையும் சன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி பாருங்கள். நேர் வெளிச்சத்தில் மறையும் சுருக்கம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் போடும். பார்த்து முடித்ததும் தாளின் ரகம், ஜி.எஸ்.எம்., ஒட்டிய முறை, துணியின் பெயர் நான்கையும் துண்டின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிக் கோப்பில் கோத்துவிடுங்கள். அடுத்த முறை அதே துணி வரும்போது எடுத்துப் பார்க்க உதவும்.